டேக் கட்டாத செடி

பச்சையம்மாள் அதைச் சொன்னபோது மணி ஏழே கால் இருக்கும். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வெற்றிலைச் சாற்றை வரப்புக்கு அந்தப் பக்கம் துப்பினாள், கதிர்க்கட்டை மறுபடி சணலால் சுற்றத் தொடங்கினாள். இந்திராணிதான் நின்ற இடத்தில் நின்றுபோனாள். பதினோரு மணிக்கு அவளுக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷமாக இழுத்த முனைவர் பட்டம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் மேசையில் வைக்க ஒரு கைப்பிடி கேழ்வரகுக் கதிர் வேண்டும் என்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் மாசிலாமணி சொல்லியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வெங்காயச் சருகு நிறத்துப் புதுப் புடவையோடு காலங்காத்தாலே ஆராய்ச்சி நிலையத்து வயலில் வந்து இறங்கினாள். வந்த இடத்தில் பச்சையம்மாள் கதிர்க்கட்டைத் தூக்கிக் காட்டி, “பாரும்மா, ஒண்ணாவது சோடை இருக்குதா? உன் டேக்கு கட்டறதுக்கு ரெண்டு வருசமா செடி பாத்தனே, அதே கண்ணுலதான் இதையும் பாத்து அறுத்தன்” என்றாள். டேக் என்பது அளக்கப்போகும் செடிக்கு அடையாளமாகக் கட்டுகிற அட்டை. இந்திராணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சிரித்து முடிக்கவில்லை. “பாத்துப் பாத்தா கட்டினீங்க? வரிசைக்கு இத்தனையாவது செடின்னு எண்ணிக் கட்டலியா?” பச்சையம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “எண்ணறதா? நீதான சொன்ன, நல்ல செடியா பாத்துக் கட்டுக்கான்னு. வெதைக்குக் கதிரு எடுக்கற கையிது. எங்கூட்ல இருவத்தஞ்சு வருசமா நான் எடுத்துக் குடுக்கற கதிருதான் வெத. சோகையும் மொண்ணையும் பாத்து உனக்குக் கட்டுவனா?” கேட்டவளின் முகத்தில் பெருமையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நான் அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பாள். சொன்னாள். அதற்கு முந்தி, கணக்கில் சேராத வெள்ளோட்டப் பருவத்தில் டேக் கட்டின செடிகளில் நாற்பதோ என்னவோ குருத்துப் புழு விழுந்து செத்துப்போய் நோட்டில் பாதி இடம் கோடு கோடாக நின்றது, அந்தக் கடுப்பில், சாகிற செடியில் கட்டாதீர்கள் என்ற அர்த்தத்தில், நல்ல செடியா பாத்துக் கட்டுங்கக்கா என்று வாய் தவறி இல்லை, வாய் நிறையவே சொன்னாள். சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வயல் வரைபடத்தைப் படி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தில், செடிகள் எந்தப் பாரபட்சமும் இல்லாமல் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று எழுதியதும் அவள்தான். அந்த வரியை எழுத அவளுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. எல்லார் ஆய்வேட்டிலும் இருக்கிற வரி, தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் மாதிரி. இவளுடைய ஆராய்ச்சியே என்ன? ஒரு பாத்தியில் முந்நூறு செடி நிற்கிறது. முந்நூறையும் அளக்க ஆள் இல்லை, நேரம் இல்லை. அப்படியானால் எத்தனை அளந்தால் போதும்? உயரத்துக்கு எத்தனை, தூருக்கு எத்தனை, கதிர் விரல் விரலாகப் பிரிகிறதே, அந்த விரலை எண்ணுவதற்கு எத்தனை? இவ்வளவுதான். கல்யாண வீட்டில் சித்தப்பா ஒருத்தர், “அளவெடுக்கக் கத்துக்கவா ஆறு வருஷம்? தையக்கடைக்காரன் ஆறு நாள்ல சொல்லித் தருவானே” என்று பந்தியில் வைத்துச் சொல்லி நாலு இலைக்குச் சிரிக்க வைத்தார். எல்லா இடத்திலும் பாத்திக்கு ஐந்து செடிதான் அளக்கிறார்கள். யார் சொன்ன ஐந்து? கைக்கு ஐந்து விரல் என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. அதைத்தான் சோதிக்கிறேன் என்று கிளம்பினாள். இருபத்து நாலு பாத்தி, பாத்திக்கு இருபது டேக், இரண்டு பருவம். இருபதையும் அளந்து, அதில் எந்த ஐந்தை எடுத்தாலும் அதே சராசரிதான் வருகிறது, ஆகவே ஐந்தே போதும் என்று முடித்தாள். மாசிலாமணி மேசையைத் தட்டினார். “ஊரே கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சதை நீ நிரூபிச்சிட்டம்மா. இனிமே எவனும் வாயைத் திறக்க மாட்டான்.” ஏன் வராது அதே சராசரி? இருபதும் ஒரே கண் பொறுக்கியெடுத்த இருபது. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைத்து, இந்த ஊரில் எல்லாப் பிள்ளையும் ஒரே வேகத்தில் ஓடுகிறது, ஐந்து பேரைப் பார்த்தால் போதும் என்று சொன்ன கதைதான். இப்போது இவள் எதிரே நிற்பது மூன்றாவது பருவத்துப் பயிர், வருகிறவருக்குக் காட்டுவதற்கென்றே போட்டது. ஒன்பதரைக்கு மாசிலாமணி அவரை இங்கே கூட்டி வருவார். இதிலும் டேக் கட்டினவள் பச்சையம்மாள்.

அளந்துதான் பார்ப்போமே என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை ஒன்றும் வித்தியாசம் இருக்காது. ஒருவேளை டேக் கட்டாத செடியும் அதே உயரம்தான் இருக்கும், பயந்ததற்குச் சிரித்துக்கொண்டே போய் வைவாவில் உட்காரலாம். ஒரு பாத்தி போதும். புடவையைத் தூக்கிச் செருகினாள், செருப்பை வரப்பில் விட்டாள். “அக்கா, ஸ்கேலை எடுத்துக்கிட்டு வாங்க.” “இன்னைக்கா? பரீச்ச இன்னைக்குன்னியே?” “பரீட்சைக்குத்தான்.” செடியை எப்படிப் பொறுக்குவது? கண்ணை நம்பக் கூடாது. அவள் கண்ணையும்தான். கைப்பையைத் துழாவினால் பஸ் டிக்கெட். அவள் பையில் எப்போதும் டிக்கெட் குப்பைதான், பையா இது போஸ்ட் பெட்டியா என்று கூட ஆராய்ச்சி செய்யும் மோகன் கேலி செய்வான், இன்றைக்கு அது கைகொடுத்தது. பாத்திக்குப் பத்து வரிசை, வரிசைக்கு முப்பது செடி. டிக்கெட் எண்ணில் கடைசி இலக்கம் வரிசை, அதற்கு முந்தின இரண்டும் வரிசையில் எத்தனையாவது செடி என்பது, முப்பதைத் தாண்டினால் முப்பது முப்பதாகக் கழித்துக்கொள்வது. நடத்துநர் கிழித்துக் கொடுத்த காகிதத்துக்குச் செடிமேல் பாசமும் இல்லை பகையும் இல்லை. முதல் டிக்கெட், நாலாவது வரிசை, பதினோராவது செடி. பச்சையம்மாள் ஸ்கேலை நட்டு, “தொண்ணூத்தெட்டு” என்றாள். அடுத்தது எண்பத்தொன்று. அடுத்தது நூற்று நாலு, அப்பாடா. அடுத்தது அறுபத்தொன்பது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டே தூரோடு, பக்கத்துச் செடிகளின் நிழலில் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஸ்கேலை வைக்கவே பச்சையம்மாளுக்குக் கூச்சம். “இதையுமா? இது கணக்கா ஒரு செடி?” “சொல்லுங்கக்கா.” அடுத்தது தொண்ணூற்று மூன்று. ஐந்துக்குச் சராசரி எண்பத்தொன்பது. பக்கத்திலேயே டேக் கட்டின இருபதையும் போன வாரம் அளந்திருக்கிறாள். நூற்று நாலு. நூற்றொன்றுக்குக் கீழே ஒன்று இல்லை, நூற்றேழுக்கு மேலே ஒன்று இல்லை. பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசம். இல்லை, அவசரப்படாதே, ஐந்து செடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவளே அவளுக்குச் சொன்னாள். சொன்ன பிறகுதான் ஆறு வருஷமாக ஐந்து போதும் என்று எழுதினவள் தானே என்பது உறைத்தது.

ஆறாவது நூற்றொன்று. ஏழாவது அறுபத்து மூன்று. சராசரி தொண்ணூற்றொன்றுக்கு ஏறி எண்பத்தேழுக்கு இறங்கியது. வெயில் இன்னும் ஏறவில்லை ஆனால் பிடரியில் வியர்வை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதே மாசிலாமணி முதல் வருஷம் வகுப்பில் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அம்மா ஒருநாளும் ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்த்ததில்லை. கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, மேலே இரண்டு, நடுவில் இரண்டு என்று எடுத்து நசுக்குவாள், அதுவும் ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வெந்த அரிசி. இந்த வயல் ஒரே பானையா? கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கும், மேற்கே பாறை மேலே வரும், நடுவில் போன வருஷம் எருக் குவிந்திருந்த இடம். ஒரே பானை என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் சுலபம்தான். எட்டாவது தொண்ணூற்றைந்து. பழமொழி சொன்னவன் மேல் தப்பில்லை, அவன் சோற்றுக்குச் சொன்னான், நாம்தான் மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் பிள்ளைக்கும் அதையே வைத்துக்கொண்டோம். அப்பாவுக்கு ஒரு காகிதம் போதுமாக இருந்தது. ஒரே ஒரு காகிதம். எட்டாம் வகுப்பு அரையாண்டு, அக்கா செண்பகத்துக்குக் கணக்கில் இருபத்து மூன்று. அதே நாளில் ஐந்தாம் வகுப்பு இந்திராணிக்குத் தொண்ணூற்றொன்று. இரண்டு மார்க் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பா, “பெரியவளுக்குப் படிப்பு ஏறாது, சின்னவதான்” என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கணக்குப் பரீட்சையன்று செண்பகத்துக்குக் காய்ச்சல், மறுநாள் காலையில் நெற்றியில் முத்து போட்டது, அம்மை. பரீட்சை எழுதின கை அம்மை போட்ட கை. வேப்பிலையில் படுத்திருந்தவளுக்கு அம்மை இறங்கும்போது பள்ளிக்கூடமும் இறங்கிவிட்டது. இன்னொரு பரீட்சை எழுத விட்டிருந்தால்? இரண்டு? மூன்று? எத்தனை இருந்தால் அப்பா நம்பியிருப்பார்? “ஒன்பதாவது என்னம்மா? சொல்லு, கெனா காணற” என்றாள் பச்சையம்மாள். ஒன்பதாவது நூற்றாறு. பத்தாவது அறுபது. எண்பத்தேழு.

இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்ற நினைப்பு, கூப்பிடாமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் பார்த்தார்கள்? இரண்டு பருவப் பயிரும் அறுத்து மாட்டுக்குப் போய்விட்டது. நோட்டில் எண்கள் பொய் இல்லை, அளந்த செடியின் உயரம் அளந்த உயரம்தான், ஒன்றைக்கூட அவள் மாற்றி எழுதவில்லை. கேட்டால் மட்டும் சொல்லலாம். கேட்க மாட்டார்கள். பதினோரு மணி, பன்னிரண்டு, கைதட்டல், கேசரி, மிக்சர், டீ. வர்ற மாசம் ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் சேர வேண்டும், பட்டம் இல்லாமல் அந்த நாற்காலி இல்லை, முப்பத்து நாலு வயதுக்கு இன்னொரு நாற்காலி அத்தனை சீக்கிரம் வராது. மறுபடி விதைக்க ஒரு வருஷம், அளக்க, எழுத, மறுபடி கையெழுத்துக்கு நிற்க. மாசிலாமணி அடுத்த வருஷம் ஓய்வு. வேறு யார் இவளைத் தூக்கிச் சுமப்பார்கள்? பதினான்காவது நூறு. பதினைந்தாவது எழுபத்தேழு. அப்படியே கேட்டாலும், கேட்டாலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. டேக் கட்டியதில் வயல் பணியாளரின் புரிதல் குறைவால் சிறு பிழை நேர்ந்துள்ளது. எவ்வளவு அழகான வாக்கியம், அதில் ஆளே இல்லை. வயல் பணியாளர் என்றால் யார்? எதிரே குனிந்து, முழங்கால் வலிக்கு ஒரு கையை இடுப்பில் கொடுத்து, எழுபத்தேழு எழுபத்தேழு என்று இவள் எழுதி முடிக்கும்வரை மறக்காமல் சொல்லிக்கொண்டு நிற்கிறாளே, அவள். இருபது வருஷமாக இந்த நிலையத்தில் ஸ்கேல் பிடிக்கிறவள். படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும், அதுவும் ஸ்கேலில் படித்ததுதான். இந்த வாக்கியத்தைச் சொன்னால் நாளைக் காலையில் மேஸ்திரி அவள் பேரைக் கூப்பிட மாட்டார். பெரிய சத்தமெல்லாம் இருக்காது. வாசலில் நிற்கும் பெண்களில் கையைக் காட்டி இத்தனை பேர் உள்ளே வா என்பார், அந்த இத்தனை பேரில் இவள் இருக்க மாட்டாள். இந்திராணிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது, அதோடு அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் செதுக்கினால் நன்றாக வரும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே தலைக்குள் ஒரே நேரத்தில்தான் நடந்தது, வெட்கமே இல்லாமல்.

இருபதாவது செடியில் சராசரி தொண்ணூறு. நிற்கவில்லை. நின்றுவிடும் என்றுதான் பாடம் சொல்கிறது, எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் அடங்கி ஒரு இடத்தில் வந்து உட்காரும், அந்த இடத்தில்தான் போதும் என்ற சொல் கிடைக்கும். போன் அடித்தது. செண்பகம். எடுக்காமல் விட்டால் நாலு தடவை அடிப்பாள். “இந்து, கெளம்பிட்டியா? பொடவ கட்டியாச்சா?” “கட்டிட்டேன்.” “ஜாக்கெட்டு தோள் இழுக்குதா?” “இல்லக்கா, சரியா இருக்கு.” “இருக்கும். உன் எடது தோள் வலதைவிட அரை விரக்கடை எறக்கம், ரெண்டையும் தனித்தனியாத்தான் அளந்தன். ஒரு தோளை அளந்துட்டு மத்ததுக்கும் அதையே போட்டு வெட்டறவ தையக்காரியா? அவளால துணிதான் பாழு.” செண்பகம் சொல்லிக்கொண்டே போனாள், பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டியிருக்கிறாளாம், அப்பா காலையிலேயே டீக்கடையில் சொல்லிவிட்டாராம், எங்க வீட்டுப் பொண்ணு டாக்டராகப் போவுது என்று. “எங்கூட்லயே எல்லாரும் படிச்சவங்கன்னு சொல்றாரு, நான் பக்கத்துலதான் நிக்கறன். சிரிப்பு வந்திருச்சு எனக்கு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை, அதுதான் இந்திராணிக்குத் தாங்கவில்லை. அக்கா, உன் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நீ என் கணக்கு வீட்டுப்பாடத்தைப் போட்டுக் கொடுத்தாய், உனக்கு நினைவிருக்கிறதா, உடம்பு சுட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தாய் என்று கேட்க வாய் வந்தது. “வெச்சுடறேன்க்கா, நேரமாச்சு” என்றாள். பையில் போனைப் போட்டபோது அவளுக்குத் தன் கழுத்தில் ஒரு டேக் தொங்குவதுபோல இருந்தது. இரண்டு பெண்கள் பிறந்த வீட்டில் ஊருக்குக் காட்டுவதற்குப் பொறுக்கிக் கட்டின செடி. வீட்டின் உயரத்தை இவளை வைத்துத்தான் ஊர் அளக்கிறது.

“இன்னும் எத்தனம்மா?” “தெரியலக்கா.” “எத்தன போதும் உனக்கு?” எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆய்வேட்டின் தலைப்பே அதுதான், பச்சையம்மாள் மூன்று சொல்லில் கேட்டுவிட்டாள். வெயில் முதுகில் ஏறியது, கொலுசில் புல் விதை ஒட்டிக்கொண்டது, புடவைக் கரையில் சேறு. இருபத்தேழாவது டிக்கெட் எண்ணைப் பார்த்து ஏழாவது வரிசைக்குப் போனால் அந்த இடத்தில் செடியே இல்லை, குழிதான் இருந்தது, அதையும் எழுதினாள். இல்லாத செடியையும் எழுத வேண்டுமே. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உண்மை வந்தது, இத்தனை நேரம் சுற்றிச் சுற்றிப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த உண்மை. உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியும், தெரியும். முதல் பருவத்திலேயே டேக் கட்டின செடிகளை அளக்கும்போது பக்கத்துச் செடிகள் இடுப்புக்குக் கீழேயே நின்றதைக் குனிந்தவள் பார்க்காமலா இருந்தாள்? ஒரு பாத்தியில் இருபது செடிக்கும் விரல் எட்டு, எட்டு, எட்டு என்று பச்சையம்மாள் சொல்லிக்கொண்டே வந்தபோது மனசுக்குள் ஒரு சின்ன நெருடல் வந்ததே. வந்தது, அதை அவள் கொசுவைப்போலக் கையால் ஓட்டினாள். எண்கள் அத்தனை சுத்தமாக இருந்தன. மாசிலாமணி, “டேட்டா பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்கும்மா” என்று மற்ற மாணவர்களிடம் காட்டினார். நன்றாக இருந்தது அந்தப் பேச்சு. நன்றாக இருந்தால் யார் போய்க் கேட்பார்கள்? பச்சையம்மாள் கை பொறுக்கியது, இவள் கண் மூடிக்கொண்டது. பச்சையம்மாளாவது தனக்குச் சொன்ன வேலை என்று நம்பிப் பொறுக்கினாள்.

முப்பதில் எண்பத்தேழு. முப்பத்தைந்தில் எண்பத்தொன்பது. போ, நீயே ஏறு, நீயே இறங்கு என்று அவளுக்கு ஒரு கோபம் வந்தது, கோபம் வந்தது நல்லதாகவும் இருந்தது. டிக்கெட் தீர்ந்துகொண்டு வந்தது. முப்பத்தெட்டாவதை எழுதி முடித்து, அடுத்த டிக்கெட்டின் எண்ணைப் பார்த்து இரண்டாவது வரிசை, பத்தொன்பதாவது செடி என்று அவள் சொன்னபோது வரப்புக்கு அந்தப் பக்கம் ஜீப் வந்து நின்றது. ஒன்பது மணி பத்து நிமிஷம். இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாசிலாமணி வெள்ளைச் சட்டையில் இறங்கினார், பின்னால் ஒல்லியாக, தொப்பி வைத்து, இருதயராஜ், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தேர்வாளர். “என்னம்மா இது கோலம்?” என்றார் மாசிலாமணி பாதிச் சிரிப்பும் பாதிப் பதற்றமுமாக. “பாருங்க சார், வைவா நாளும் அதுவுமா வயல்ல நிக்குது. இந்த மாதிரி சின்சியர். வாங்க சார், இந்த டேக் கட்டினதுதான் நம்ம செடி.” இருதயராஜ் குனிந்து டேக் கட்டின செடி ஒன்றைப் பார்த்தார். அதற்குப் பக்கத்துச் செடியைப் பார்த்தார். இன்னொரு டேக், அதற்குப் பக்கத்துச் செடி. நிமிர்ந்தார். “டேக் யாரு கட்டினது?” என்று கேட்டார். குரலில் ஒன்றுமில்லை, மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“நம்ம பச்சையம்மா சார், இருபது வருஷ அனுபவம்” என்றார் மாசிலாமணி. பச்சையம்மாள் ஸ்கேலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஜீப்பில் வந்த ஒருத்தர் அவள் வேலையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நான்தாங்க ஐயா கட்டனன். ஒண்ணு விடாம எல்லாம் நல்ல செடியா பாத்துப் பாத்துக் கட்டனன்.” ஒரு காக்கை கத்தியது. மாசிலாமணியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. இரண்டு பருவத்துச் சுத்தமான டேட்டா அந்த ஒரு வாக்கியத்தில் உதிர்வதை அவர் உடனே புரிந்துகொண்டார், கெட்டிக்காரர், புரிந்த வேகத்திலேயே வழியும் கண்டுபிடித்தார். “கூலிக்கு வர்றவங்க சார். நாம ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு புரிஞ்சுக்கறாங்க. அது இந்தப் பருவத்துக்கு மட்டும் நடந்திருக்கும், இல்லம்மா இந்திராணி?” இவள் காலையிலிருந்து செதுக்கிக்கொண்டிருந்த வாக்கியம், இவளைவிட நன்றாகச் செதுக்கி, கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் சார் என்றால் போதும். இரண்டே சொல். பச்சையம்மாள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள், ஏதோ தப்பு என்று இப்போதுதான் அவளுக்கு எட்டியது, மலர்ச்சி மெதுவாக இறங்கியது. இறங்கும் அந்த முகத்தை இந்திராணி இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள். வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மார்க் அட்டைகளைப் பார்த்த முகம். அன்றைக்கு இவள் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வயது, சொல்ல என்ன தெரியும் என்று இத்தனை வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார்” என்றாள். “நல்ல செடியா பாத்துக் கட்டச் சொன்னது நான். ரெண்டு பருவத்துக்கும் அப்படித்தான் சொன்னேன், பக்கத்துல நின்னு பாக்கல. நான் என்ன சொன்னேனோ அதை அவங்க சரியாச் செஞ்சாங்க. தப்பு என்னுது.” மாசிலாமணி, “இந்திராணி, இதை ரூம்ல போய்ப் பேசிக்கலாம்” என்றார். அவள் நோட்டை விரித்து இருதயராஜ் பக்கம் நீட்டினாள், கையெழுத்தில் சேறு பட்டிருந்தது. “டேக் கட்டாத செடியைக் காலையிலேருந்து அளக்கறேன் சார். சராசரி பதினஞ்சு சென்டிமீட்டர் குறையுது. அஞ்சு செடி போதாது.” “அப்ப எத்தனை போதும்?” என்றார் அவர். “தெரியாது சார். இதுவரைக்கும் முப்பத்தெட்டு. இன்னும் ஒரு இடத்துல நிக்கல.” சொல்லி முடித்ததும் பயம் முழுசாக ஏறி வந்தது, நாற்காலி, ஒரு வருஷம், அப்பாவின் டீக்கடை, செண்பகம் வேண்டிக்கொண்ட தேங்காய். இருதயராஜ் நோட்டை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மாசிலாமணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. சும்மா நிற்கிற வேலை தனக்கு இல்லை என்பதுபோலப் பச்சையம்மாள் குனிந்து, இரண்டாவது வரிசையில் பத்தொன்பதாவது செடியை எண்ணிக் கண்டுபிடித்து, ஸ்கேலை வைத்தாள். பக்கத்துச் செடிகளை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னது.

“அறுவத்திநாலு” என்றாள்.

இந்திராணி எழுதிக்கொண்டாள்.